மலையேறும் பழைய லேண்ட் ரோவர்களுக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

பிரிஞ்சாங் – கேமரன் மலைக்கு வந்து போகிறவர்கள் தேயிலையையும் ஸ்டிராபெரியையும் படம் பிடிப்பதைப் போலவே பழைய லேண்ட் ரோவர்களையும் படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள். பிரிஞ்சாங் பட்டணத்தில் காலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால் போதும். பின்பக்கம் முழுக்கக் காய்கறிக் கூடைகளோடு ஒரு வண்டி இறங்கும். உர மூட்டைகளோடு இன்னொன்று ஏறும். சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து பிரிஞ்சாங் மலையுச்சியை நோக்கி வேறொன்று போகும். இவற்றில் பல, ஓட்டுகிறவரை விட வயதில் மூத்தவை.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது பிழைப்பு. தோட்டத்தில் பிறந்து, இன்று காய்கறித் தோட்டங்களிலும் சுற்றுலா நிறுவனங்களிலும் வண்டி ஓட்டும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அதனால்தான் ஒரு கேள்வி முக்கியமாகிறது. இந்த வண்டிகளில் ஒன்று இனி ஓடாது என்ற நிலை வந்தால், அதே வகை வண்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கி வர முடியுமா?

சாதாரண மனிதர் ஒருவரால் ஏறக்குறைய முடியாது என்பதே பதில். பழைய வண்டிகள் குறித்த இறக்குமதி விதிகளை வாகனப் பிரியர்களின் பொழுதுபோக்கு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

மலைக்கு வந்த கதை

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இராணுவத்திற்கும் போலீசாருக்கும் காட்டுப் பாதையில் போகக்கூடிய வண்டிகள் தேவைப்பட்டன. தோட்ட நிர்வாகங்களுக்கும் அதே தேவை இருந்தது. இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்தில் போய், பிறகு விவசாயிகளின் கைக்கு வந்தன என்பது மலையில் இன்றும் சொல்லப்படும் கதை.

அந்த வண்டி மலையிலேயே தங்கிப் போனதற்குக் காரணம் உண்டு. போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்தது. எனவே உடல் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஓயாத மழையிலும் பனியிலும் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். செங்குத்தான மண் பாதைக்கென்று குறைவேகக் கியர் தனியாக உண்டு. பழுது பார்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. விவரம் தெரிந்த ஒரு போர்மேன் இருந்தால் வண்டி அன்று மாலையே ஓடும்.

ஆனால் உற்பத்தி நின்றுவிட்டது. சீரிஸ் 3 எனப்படும் மூன்றாம் வரிசை வண்டிகள் 1985 வரைதான் வந்தன. அதன் வழிவந்த பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் தேதி இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்து வெளியேறியது. அந்த வகை இனி வேண்டுமென்றால் பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். அங்கேதான் ஏபி குறுக்கே வருகிறது.

ஏபி என்ன சொல்கிறது?

ஏபி என்பது வெளிநாட்டு வாகனத்தை இறக்குமதி செய்வதற்கான அனுமதி. முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சான மித்தி அதை வழங்குகிறது. பூமிபுத்ரா வணிகர்களை வாகனத் தொழிலில் வளர்ப்பதற்காக 1970களில் தொடங்கிய இந்த முறை, 1983இல் புரோட்டோன் நிறுவனம் உருவாகி 1985இல் சாகா கார் சாலைக்கு வந்த பிறகு, உள்நாட்டுக் கார்த் தொழிலுக்கும் வேலியாக அமைந்தது.

பயன்படுத்திய வண்டிகளைக் கொண்டு வர, திறந்த ஏபி என்ற பிரிவு உள்ளது. ‘ரீகன்’ கார்கள் என்று நாம் சொல்லும் ஜப்பானிய, பிரிட்டிஷ் கார்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. 2015 இறுதியோடு அது நிறுத்தப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டாலும், அதன் பிறகும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் 10,000 வெள்ளி கட்டணம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. இவ்வழியில் வரும் வண்டிக்கு வயது வரம்பு ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரைதான். அதாவது, மலைப் பாதைக்கு ஏற்ற இருபது வயது வண்டிக்கு இந்தக் கதவு திறக்காது.

இன்னொரு வழி தனிநபர் ஏபி. வெளிநாட்டில் குறைந்தது ஓராண்டு சட்டப்படி படித்த அல்லது வேலை செய்த மலேசியர், அங்கே குறைந்தது ஒன்பது மாதம் தம் பெயரில் வைத்திருந்த வண்டியை நாடு திரும்பும்போது கொண்டு வர விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் படித்துத் திரும்பும் ஒருவருக்கு அது உதவும். பிரிஞ்சாங்கிலேயே வேலை செய்கிறவருக்கு உதவாது.

மூன்றாவது, பழம்பெரும் வண்டிகளுக்கான அனுமதி. சேகரிப்பாளர்கள் இதற்கு மித்தியிடம் தனியாக விண்ணப்பிக்கிறார்கள். சாலை வரியிலும் பழம்பெரும் வண்டிகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை, வண்டியை அன்றாடம் ஓட்டாமல் பாதுகாத்து வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தினமும் உர மூட்டை ஏற்றும் வண்டி அந்தக் கணக்கில் சேராது.

வரிக் கணக்கு

அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது வரி. இறக்குமதி வரி 30 விழுக்காடு வரை போகும். அதன் மேல் கலால் வரி, வண்டிக்கு ஏற்ப 60 முதல் 105 விழுக்காடு வரை. எல்லாவற்றுக்கும் மேல் 10 விழுக்காடு விற்பனை வரி.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வாங்கிய விலை, கப்பல் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒரு வண்டியின் மதிப்பு 20,000 வெள்ளி என்று சுங்க இலாகா கணக்கிடுகிறது. 30 விழுக்காடு இறக்குமதி வரி 6,000. ஆக 26,000. அதற்கு 75 விழுக்காடு கலால் வரி என்றால் 19,500. ஆக 45,500. விற்பனை வரி 4,550. மொத்தம் 50,050 வெள்ளி. வண்டி இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது. பரிசோதனை, பதிவு, பழுதுபார்ப்பு எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். புதிதாகப் பழைய வண்டி வருவது அரிது. எனவே ஏற்கெனவே மலையில் இருக்கும் வண்டியின் விலை ஏறும். நல்ல நிலையில் உள்ளதை வெளியூர்ச் சேகரிப்பாளர் நல்ல விலை கொடுத்து இறக்கிக்கொண்டு போவார். மலையில் எஞ்சுவது, பாகம் பாகமாக ஒட்டுப்போட்டு ஓடும் வண்டி.

மற்ற நாடுகளில் எப்படி?

பழைய வெளிநாட்டு வண்டிகளைப் பற்றி ஒவ்வொரு நாடும் ஒரு வயதுக் கோட்டை வரைந்திருக்கிறது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 25 ஆண்டைக் கடந்த வண்டிக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கனடாவில் 15 ஆண்டு. ஆஸ்திரேலியாவில் 1989க்கு முந்தைய வண்டிகள் என்று இருந்த நிலையான கோடு, 2021 ஜூலையில் நகரும் 25 ஆண்டுக் கோடாக மாறியது. சிங்கப்பூரில் 35 வயதைத் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வண்டித் திட்டத்தில் பதியலாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம்.

இந்தியாவில் 1950க்கு முன் தயாரான வண்டிகளுக்கே இறக்குமதிச் சலுகை இருந்தது. 2025இல் அது 50 ஆண்டைக் கடந்த வண்டிகள் என்று மாற்றப்பட்டது. இலங்கையின் கதை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் நாட்டுக்குள் இருந்த பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பதை நுவரெலியாவில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கதவு மூடினால் உள்ளே இருக்கும் பழைய வண்டிதான் தங்கம் என்பதற்கு அது அண்மைய சான்று.

அமெரிக்காவின் 25 ஆண்டுக் கோட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓராண்டு வண்டிகள் அங்கே தகுதி பெறுகின்றன. உலகம் முழுக்க உள்ள நல்ல டிஃபெண்டர்களும், ஜப்பானின் ஸ்கைலைன் போன்ற கார்களும் அந்தச் சந்தையை நோக்கிப் போகின்றன. பிரிஞ்சாங்கில் ஒரு பழைய பாகத்தைத் தேடுகிறவர், தெரியாமலேயே அமெரிக்கச் சேகரிப்பாளரோடு போட்டி போடுகிறார்.

வயதை மட்டும் பார்க்காமல் எண்ணையும் அங்கே பார்க்கிறார்கள். விதிக்குப் புறம்பாக வந்த டிஃபெண்டர் ஒன்றை 2013இல் அமெரிக்கச் சுங்கத்துறை நசுக்கியது. 2014 ஜூலையில் பல மாநிலங்களில் 40 டிஃபெண்டர்களைப் பறிமுதல் செய்தது. நம்பி வாங்கியவர்கள் வழக்காடி மீட்க வேண்டியதாயிற்று. தப்பு செய்தவர் ஒருவராக இருக்கலாம். வண்டியை இழந்து நிற்பவர் கடைசியாக வாங்கியவர்.

சேசிஸ் எண் எனும் சிக்கல்

இதே ஆபத்து நம் மலையிலும் உண்டு. லேண்ட் ரோவரின் உடல் அலுமினியம் என்றாலும் அதைத் தாங்கும் சேசிஸ் இரும்புதான். பல ஆண்டு மழையிலும் சேற்றிலும் முதலில் அரிப்பது அதுதான். வண்டியின் அடையாள எண் பொறிக்கப்பட்டிருப்பதும் அதில்தான்.

சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கின்றன. கிராண்ட்டில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சினை மாற்றினால் பரிசோதனைக்குக் காட்டி, ஜேபிஜேயில் பதிவைத் திருத்த வழி இருக்கிறது. சேசிஸ் அப்படியல்ல. அதுவே வண்டியின் அடையாளம். மூன்று பழைய வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்கி ஓட்டினால், அது எந்த வண்டி என்ற கேள்வி எழும். ஒரு வண்டியின் கிராண்ட்டை இன்னொரு வண்டிக்குப் பயன்படுத்தினால் அது குற்றம்.

லேண்ட் ரோவர் பிறந்த இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பெரிதும் மாற்றப்பட்ட வண்டிக்குப் புள்ளிகள் போடுவார்கள். பழைய சேசிஸ், அல்லது அதே வகையில் செய்த புதிய சேசிஸ் என்றால் 5 புள்ளி. எஞ்சினுக்கு 1. அச்சு, ஸ்டீயரிங் போன்றவற்றுக்குத் தலா 2. மொத்தம் 8 புள்ளி வந்தால் பழைய பதிவெண் நிலைக்கும். 2025 ஆகஸ்டில் விதி மேலும் எளிதாக்கப்பட்டது. பழைய வண்டியை அதே வகைப் பாகங்களால் புதுப்பித்தால் அதன் அடையாளம் மாறாது என்று அந்நாட்டு இலாகா ஏற்றுக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய வண்டி ஓட வேண்டுமானால் அதைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. அரித்துப் போன சேசிஸோடு செங்குத்துப் பாதையில் ஆட்களை ஏற்றுவதை விட, பரிசோதிக்கப்பட்ட புதிய சேசிஸோடு ஓட்டுவதே பாதுகாப்பு. அதற்குத் தெளிவான வழி இல்லாத இடத்தில், மறைவாகச் செய்யும் வெல்டிங் வேலைதான் மிஞ்சும்.

பாதிக்கப்படுவது யார்?

எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கு அண்மையில் இன்னொரு சோதனையும் வந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, விலை லிட்டருக்கு 3.35 வெள்ளியானது. அதற்கு ஈடாக புடி மடானி திட்டத்தில் தகுதி பெற்றோருக்கு மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது. தனிநபர்கள் அதைப் பெற, ஜேபிஜேயில் தம் பெயரில் பதிவான டீசல் வண்டியும் நடப்பில் உள்ள சாலை வரியும் வேண்டும். பெட்ரோல் வண்டியாகப் பதிவாகி, பிறகு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டு, கிராண்ட் திருத்தப்படாத வண்டியை நினைத்துப் பாருங்கள். அது குடிப்பது டீசல். ஏட்டில் அது பெட்ரோல். உதவிக்கு அது கணக்கில் வராது.

பண நட்டம் அதோடு போகலாம். விபத்து அப்படியல்ல. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. கிராண்ட் சரியில்லை என்றால் காப்புறுதி எடுப்பது சிக்கல். காப்புறுதி இல்லையென்றால் சாலை வரி இல்லை. அந்த வண்டி தோட்டப் பாதையை விட்டுப் பொதுச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஏறினாலும் சட்டத்தின் பார்வையில் குற்றம் குற்றம்தான்.

போலீசார் நிறுத்தும்போது ஸ்டீயரிங்கின் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் தவுக்கேயாக இருக்கமாட்டார். மாதச் சம்பளத்திற்கு ஓட்டும் ஓட்டுநராக இருப்பார். சம்மன் அவர் பெயரில் வரலாம். யாருக்காவது அடிபட்டால் வழக்கிலும் அவர் பெயர் வரும். பின்னால் உட்கார்ந்து வந்த தொழிலாளிக்குக் காயம் என்றால் அவரின் குடும்பம் யாரிடம் இழப்பீடு கேட்பது? சொக்சோ சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பாவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் கை விரிப்பதைத் தவிர வழியில்லை.

என்ன செய்யலாம்?

2009 அக்டோபரில் அரசாங்கம் ஒரு முயற்சி செய்தது. 15 ஆண்டைக் கடந்த வண்டிகள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தது. பழைய காரை நம்பி வாழும் எளிய மக்கள் தலையில் சுமை ஏற்றாதீர்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும், சில வாரங்களிலேயே அது கைவிடப்பட்டது. எல்லாப் பழைய வண்டிகளையும் ஒரே கயிற்றில் கட்டினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் எந்தப் பரிசோதனையும் இன்றி விட்டுவிடுவதும் மலைப் பாதைக்கு ஏற்றதல்ல.

இன்றைய விதிகளுக்கு இரண்டு வகைப் பழைய வண்டிதான் தெரியும். ஒன்று, ஐந்து வயதுக்குள் இருக்கும் ரீகன் கார். மற்றொன்று, சேகரிப்பாளர் துடைத்து வைத்திருக்கும் பழம்பெரும் கார். உழைக்கும் பழைய வண்டி என்ற மூன்றாவது வகைக்கு ஏட்டில் இடமில்லை. கேமரன் மலை போன்ற மாவட்டங்களுக்கு அப்படி ஒரு வகையை உருவாக்குவது பெரிய காரியமல்ல. ஏற்கெனவே நாட்டில் பதிவான வண்டி, ஆண்டுக்கு ஒருமுறை பிரேக், ஸ்டீயரிங், சேசிஸ் பரிசோதனை, கட்டாயக் காப்புறுதி, ஓட வேண்டிய பாதைகளின் எல்லை, அதே வகைச் சேசிஸ் மாற்றுவதற்குத் தெளிவான விண்ணப்ப முறை. இவற்றை வைத்தாலே பல வண்டிகள் மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்.

இதற்கு மறுப்பும் உண்டு. சலுகை என்று வந்தால் கிராண்ட் மோசடிக்காரர்கள் அதையும் பயன்படுத்துவார்கள் என்பது நியாயமான அச்சம். புகையும் பாதுகாப்பும் கவலைக்குரியவை. பழைய லேண்ட் ரோவரில் காற்றுப்பை கிடையாது. ஆகவே வண்டியின் எண்ணைச் சரிபார்த்த பிறகே சலுகை என்ற வரிசை மாறக்கூடாது. இறக்குமதிக் கதவை அகலத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை விட, உள்ளே இருக்கும் வண்டியைச் சட்டப்படி பழுதுபார்க்க வழி விடுங்கள் என்ற கோரிக்கைக்கே வலு அதிகம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விதி மாறும் வரை, கையில் இருக்கும் சில வழிகளையாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பழைய லேண்ட் ரோவரோ, பட்டணத்துப் பிள்ளைகள் ஆசைப்படும் ஜப்பானியக் காரோ, எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் கிராண்ட்டைக் கேளுங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் டார்ச் விளக்கு அடித்து நேரில் பாருங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் விலகி விடுங்கள். பெயர் மாற்றத்திற்கான பரிசோதனையில் தேறிய பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். இறக்குமதி செய்த வண்டி என்றால் ஏபி, சுங்க வரி கட்டிய கே1 பாரம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ‘பேப்பர் அப்புறம் வரும்’ என்று சொல்லும் வண்டிக்குப் பேப்பர் வராமலே போகலாம்.

சொந்தமாக வண்டி வைத்திருப்பவர், எஞ்சின் மாற்றியிருந்தால் பதிவைத் திருத்த ஜேபிஜேயை அணுகலாம். வயதான வண்டி என்று காப்புறுதி நிறுவனங்கள் மறுத்தால், அத்தகைய வண்டிகளுக்காகவே 1992இல் தொடங்கப்பட்ட எம்எம்ஐபி எனும் காப்புறுதிக் கூட்டமைப்பு இருக்கிறது.

பிறர் வண்டியைச் சம்பளத்திற்கு ஓட்டும் இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்கக்கூடாது. “இந்த வண்டிக்கு சாலை வரியும் இன்சூரன்சும் இருக்கிறதா, முதலாளி?” கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் சாவியை வாங்கும் முன் கேட்பது நல்லது. ஏதாவது நடந்த பிறகு, அதே கேள்வியைப் போலீஸ் நிலையத்தில் அவரிடம்தான் கேட்பார்கள்.